எச்சிலும் நுண்துளையும்: சீனத் தேநீர்க் கிண்டியை முன்வைத்து

சீனத் தேநீர்ச் சடங்கு பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அழகியல் சொல்லாடலாகவே நின்றுவிடுகின்றன. அமைதி, தியானம், கீழைத்தேய ஞானம் என்று பெரிய மூட்டை. நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சின்ன விஷயம்: சுட்ட களிமண்ணில் இருக்கும் நுண்துளை. அந்தத் துளைக்கு ஒரு சமூகம் என்ன அர்த்தம் கொடுக்கிறது என்பதில் அதிகாரம் தொழிற்படுகிறது என்பது என் வாதம்.

சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில் தாய் ஏரிக்கு மேற்கே யிஷிங் என்று ஓர் ஊர். அங்கே கிடைக்கும் 'ஸிஷா' என்கிற ஊதா மண்ணில், மிங் அரசர் காலந்தொட்டு, அதாவது சுமார் 16ஆம் நூற்றாண்டிலிருந்து, தேநீர்க் கிண்டி செய்கிறார்கள். சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தட்டித் தகடாக்கி, வளைத்து, மூட்டி, மூக்கும் பிடியும் ஒட்டுகிறார்கள். மெருகு பூசாமல் 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடுகிறார்கள். பெரும்பாலும் நம்மூர் டம்ளர் அளவுதான் கொள்ளும். இலையை நிறையப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சில விநாடிகளில் வடித்துவிடுவார்கள். அதே இலையில் பல தடவை.

மெருகு இல்லாததால் மண் தேநீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஒரு கிண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என்பது வழக்கம். சோப்புப் போட்டுக் கழுவுவதும் கிடையாது. வருஷக்கணக்கில் புழங்கப் புழங்க மேற்பரப்பு மினுங்கும். இதைக் கிண்டியை 'வளர்ப்பது' என்கிறார்கள். பழையது, கை பட்டது, கறை ஏறியது என்பதெல்லாம் அங்கே மதிப்பு.

மற்ற சாமான்களையும் பார்க்கலாம். தென்கிழக்கே சாவ்சோ பகுதியில் கோங்ஃபூ முறை. ஒரு தட்டு, ஒரு கிண்டி, பெரும்பாலும் மூன்றே சிறு கிண்ணங்கள். முதலில் ஊற்றுவது நீர்த்திருக்கும், கடைசியில் வருவது கடுத்திருக்கும். ஆகவே ஒரு கிண்ணத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றி, கடைசிச் சொட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பங்கிடுகிறார்கள். பின்னாளில் இதற்கென்றே ஒரு பாத்திரம் சேர்ந்தது. எல்லாவற்றையும் முதலில் அதில் வடித்துக் கலந்து, பிறகு பகிர்வது. அதன் பெயர் 'கோங்டாவ் பெய்', நியாயக் குவளை என்று சொல்லலாம்.

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில் சுங்கான்கடை. மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். 'மண்ணு தண்ணி குடிக்கும், அதுனாலதான் தண்ணி குளுருது' என்று நம்மூரில் சாதாரணமாகச் சொல்லுவார்கள். நீர் துளை வழியே கசிந்து, ஆவியாகி, பானையைக் குளிர்விக்கிறது. யிஷிங்கில் தேநீரை ஏந்திக்கொள்கிற அதே நுண்துளைதான்.

ஆனால் மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயம் இந்தத் துளையை வேறுவிதமாகப் படிக்கிறது. மது, மூத்திரம், மலம், எச்சில், சீழ், ரத்தம் பட்ட மண்பாத்திரம் திரும்பச் சுட்டாலும் சுத்தமாகாது என்கிறது. உலோகத்தை விளக்கிக்கொள்ளலாம், மண்ணை எறிந்துவிட வேண்டும். அங்கே ஞாபகமாக மதிக்கப்படுவது இங்கே தீட்டாக அஞ்சப்படுகிறது. நம் வீட்டுக் கிண்டிக்கு மூக்கு வைத்ததுகூட, வாய் படாமல் தண்ணீர் விழத் தோதாக இருக்கிறது. வேதியியல் ஒன்றேதான், பிரதி வேறு.

இது வெறும் தத்துவமல்ல. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக்கூடாது என்று தடை இருந்தது. மண்பாண்டம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கலாம் என்பதையும் சாதி தீர்மானித்தது. சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்ததன் கனம் இந்தப் பின்னணியில்தான் விளங்கும். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தமிழகத்து டீக்கடைகளில் சிரட்டையும் தனி டம்ளரும் தொங்கின. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். பிறகு எறிகிற கப் வந்தது. கேட்டால் 'சுகாதாரம்' என்பார்கள். சிலருக்குக் கண்ணாடி, சிலருக்கு எறிகிற கப் என்றால் அது சுகாதாரமா, பழைய டம்ளரின் புது வேஷமா?

இதற்காகச் சீனாவைச் சொர்க்கமாக்க வேண்டாம். சென் மான்ஷெங் (1768–1822) என்ற அதிகாரி வடிவம் சொல்ல, யாங் பெங்நியன் என்ற குயவர் செய்த கிண்டிகள் இன்று 'மான்ஷெங் கிண்டி' என்றே அறியப்படுகின்றன. மண் பிசைந்த கை பின்னால் போய்விட்டது. நியாயக் குவளையும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு மட்டுந்தான் நியாயம் வழங்கும்.

2004இல் ரயில்வே அமைச்சராக லாலு பிரசாத் மண்குவளையைக் கொண்டுவர முயன்றார். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை. இன்று 'பாரம்பரியம்' என்ற பெயரில் மண்குவளைச் சாயா விற்கிறார்கள். குயவருக்கு வேலை கிடைப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் குளத்து மண் பொதுவாக யிஷிங் சூட்டைத் தாங்காது, குழைந்துவிடும். குறைந்த சூட்டில் சுட்ட மெருகில்லாத குவளையைக் கழுவித் திரும்பப் புழங்குவதும் கஷ்டம். மெருகு பூசலாம், வேறு மண் கலந்து கூடுதலாகச் சுடலாம். ஆனால் எறியப்படுவதற்கென்றே கேட்கிற குவளைக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்?

ஆகவே மண்குவளையைக் கொண்டாடும் சூழலியல் நண்பர்களிடம் என் கேள்வி இதுதான். ஒருவர் குடித்ததைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கத் தக்க குவளையைக் குயவரிடம் கேட்டு, அதற்குரிய கூலியும் கொடுப்போமா? உடைத்துப் போடுகிற குவளை மண்ணுக்கு நல்லது. அது எச்சில் பற்றிய பயத்துக்கும் வசதியாக இருக்கிறது என்பதைப் பேசாமல் அதைப் பசுமை என்று மட்டும் அழைக்க என்னால் முடியவில்லை.