வாங்கியவருக்கு மட்டுமா நட்டஈடு?

நிவாரணமாகக் கிடைத்த காஸ் அடுப்பு வெடித்துப் பிள்ளை காயப்பட்டால் யாரிடம் நட்டஈடு கேட்பது? “இனாமாக வந்த பொருள்தானே, நாங்கள் காசு கொடுக்கவில்லையே” என்று ஓர்ஸ் ஹில்லில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களும், ஊர் திரும்பிய விவசாயக் குடும்பங்களும் பேசாமல் இருந்துவிடுவதுண்டு. இது சரியா?

1928ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் மே டொனகியூ என்னும் ஏழைப் பெண், சிநேகிதி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பியரைக் குடித்தார். போத்தலுக்குள் அழுகிய நத்தை கிடந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் தயாரிப்பாளர்மீது வழக்கு வைத்தார். 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது. பொருளைத் தயாரிப்பவர், வாங்கியவருக்கு மட்டுமன்றி அதைப் பாவிப்பவருக்கும் பொறுப்புடையவர் என்பதே தீர்ப்பின் சாரம்.

எமது நாட்டில் மூன்று வழிகள் உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலானது. இனாமாகப் பெற்றவருக்கு அது உதவாது. ரோமன்-டச்சுச் சட்டமோ காயப்பட்ட எவருக்கும் இடமளிக்கிறது. ஆனால் தயாரிப்பாளரின் கவலையீனத்தை நாமே நிரூபிக்க வேண்டும். வழக்கையும் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். மூன்றாவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டால், விசாரித்து நட்டஈடு வழங்கும்படி அது கட்டளையிடலாம்.

நிரூபிப்பது எப்படி? 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நிகழ்ந்தபோது, அடுப்பிலும் குழாயிலும்தான் பிழை என்ற பேச்சும் எழுந்தது. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு ஆராய்ந்து, வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்றது. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் அமுக்கம் கூடும்; பொருத்துகளில் கசிவும் ஏற்படலாம். இதை வீட்டிலிருந்து கண்டறிய முடியாது. பொருளைச் சோதித்தால்தான் உண்மை வெளிவரும்.

ஆகவே விபத்து நேர்ந்தால்:

- பழுதான பொருளை எறியவோ திருத்தவோ கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். சிலிண்டராயின் வீட்டுக்கு வெளியே, நெருப்பு அணுகாத இடத்தில் வையுங்கள்.
- பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி பெறுங்கள். வைத்திய அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.
- பற்றுச்சீட்டு இல்லையெனில், பொருளைத் தந்த நிறுவனத்திடம் கடிதம் கேளுங்கள்.
- வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இனாமாக வந்தது பொருள் மட்டுமே; காயப்பட்ட உடம்பு எம்முடையது. அதற்கு நியாயம் கேட்பது நன்றிகேடல்ல.