சிங்கத்தின் மண்டையோடும் இனத்தின் பெயரும்

இலங்கையிற் சிங்கம் ஒரு விலங்காக மட்டும் கருதப்பட்டதில்லை. மகாவம்சக் கதையில் அது விஜயனின் பாட்டன். தேசியக் கொடியில் வாளேந்தி நிற்பது. ஒரு பெரும் மக்கட் கூட்டத்தின் பெயருக்கு வேராகக் கொள்ளப்படுவது. இத்தகைய சூழலிற் சிங்கத்தின் உடலையும் மண்டையோட்டையும் அளந்து வகைப்படுத்தும் விலங்கியல் முயற்சிகூடச் சமூக நோக்கிலிருந்து முற்றாக விலகி நிற்பது அரிது. ஆதலின், இலக்கிய மாணவர்க்குப் புறம்பானதாகத் தோன்றும் இப்பொருள் கருத்துநிலை வரலாற்றில் ஈடுபாடுடைய எவருக்கும் உரியதாகின்றது. பிரதேசந்தோறும் சிங்கங்களின் உடலளவு வேறுபடுவதற்கான காரணங்கள் யாவை, அவ்வேறுபாடு எவ்வாறு ‘இனம்’ என்னும் நிலையான பெயராக மாற்றப்படுகின்றது என்னும் இரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அளவுகளை நோக்குவாம். தென்னாபிரிக்கப் பகுதிகளில் வளர்ந்த ஆண் சிங்கத்தின் சராசரி எடை ஏறத்தாழ 190 கிலோகிராம். கிழக்காபிரிக்காவில் அது ஏறத்தாழ 175. இந்தியாவின் குஜராத் மாநிலத்துக் கிர் காட்டில் எஞ்சியுள்ள ஆசியச் சிங்கத்தின் ஆணுக்கு 160 முதல் 190 வரையும், பெண்ணுக்கு 110 முதல் 120 வரையும் கூறப்படும். வேறுபாடு உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் கிர் சிங்கத்துக்குக் காட்டப்படும் எண்கள் மிகச் சில விலங்குகளை எடைபோட்டுப் பெற்றவை. அன்றியும், பசித்த சிங்கம் ஒரே வேளையில் முப்பது கிலோகிராமுக்கு மேல் ஊனுண்ண வல்லது. தென்னாபிரிக்க, கிழக்காபிரிக்க ஆண்களின் சராசரிகளுக்கிடையிலான இடைவெளி அதன் அரைவாசியே. ஒரே காட்டில் வாழும் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே காணப்படும் வேறுபாடோ பிரதேச வேறுபாட்டினும் பன்மடங்கு பெரிது. பால், வயது, உணவுண்ட நிலை என்பன குறிக்கப்படாத எந்த அளவும் ஒப்பீட்டுக்கு உதவாது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேறுபாடுகளுக்கான காரணங்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது, வாழ்நிலை. ஆபிரிக்கச் சமவெளிகளிற் காட்டெருமை, வரிக்குதிரை முதலிய பெருவிலங்குகள் மந்தை மந்தையாகக் கிடைக்கின்றன. கிர் காட்டில் நடுத்தர உருவமுடைய புள்ளிமானே முதன்மையான காட்டிரை. இரையின் பருமனும் பெருக்கமும் வேட்டை விலங்கின் உருவத்தையும் கூட்டத்தின் அளவையும் பாதிக்கின்றன. இரண்டாவது, தட்பவெப்பம். குளிர் மிகுந்த இடங்களில் ஓரினத்து உயிர்கள் பருத்த உடல்பெறும் போக்கினை ஜேர்மானிய அறிஞர் பேர்க்மன் 1847இல் எடுத்துரைத்தார். பிடரிமயிரின் அடர்த்தியும் வெப்பநிலையோடு தொடர்புடையது; குளிர்நாட்டு மிருகக்காட்சிச்சாலைகளில் வளரும் சிங்கங்களுக்கு அது செழித்து வளர்வதுண்டு. மூன்றாவது, மரபுவழித் தற்செயல். கிர் சிங்கங்களின் மண்டையோடுகளுள் ஏறத்தாழ அரைவாசியில் கண்குழியின் கீழுள்ள நரம்புத்துளை இரண்டாகப் பிரிந்து காணப்படும். ஆபிரிக்கச் சிங்கங்களில் அது பொதுவாக ஒற்றைத் துளையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிர் சிங்கங்கள் மிகச் சிலவாகக் குறுகியிருந்தன. சிறு கூட்டமொன்றில் எஞ்சியவற்றின் தற்செயலான பண்பு பின்வந்த வழித்தோன்றல்களிற் பரவுதல் இயல்பு. துளையின் பிரிவை ‘உயர்வு’, ‘தாழ்வு’ எதற்கும் சான்றாகக் கொள்ள இடமில்லை.

மண்டையோடு எவ்வளவு தூரம் வாழ்நிலைக்கு இசைந்து மாறும் என்பதற்கு 1917இல் வெளிவந்த ஆய்வொன்று தக்க சான்றாகும். வாஷிங்ரன் தேசிய மிருகக்காட்சிச்சாலையின் பொறுப்பாளராயிருந்த நெட் ஹொலிஸ்ரர், கிழக்காபிரிக்காவிலிருந்து கொணரப்பட்டுக் கூட்டில் வளர்ந்த சிங்கங்களின் மண்டையோடுகளை அதே பிரதேசத்துக் காட்டுச் சிங்கங்களின் மண்டையோடுகளோடு ஒப்பிட்டார். கூட்டில் வளர்ந்தவை குறுகிய நீளமும் மிகுந்த அகலமும் உடையனவாயிருந்தன. இரையைக் கொன்றிழுக்கும் தொழில் இல்லாதொழிந்தபோது கழுத்துத் தசையும் தாடைத் தசையும் எலும்பின்மீது செலுத்தும் விசை மாறியது. எலும்பும் அதற்கேற்ப உருமாறியது. இவை நூறாயிரம் ஆண்டுக்காலக் கூர்ப்பின் விளைவுகளல்ல. ஒரே தலைமுறையில் நிகழ்ந்தவை. மூலம் தெரியாமல் இவ்விரு தொகுதிகளையும் கண்ட ஒருவர் அவற்றை இரு வேறு துணையினங்களாக எளிதிற் பிரித்திருப்பார். கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம்மவர் அறிந்த சிங்கம் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள தெகிவளை மிருகக்காட்சிச்சாலைச் சிங்கமே. கூட்டில் வாழும் அவ்விலங்கைக் கொண்டு காட்டுச் சிங்கத்தின் ‘இயல்பான’ தோற்றத்தைத் தீர்மானித்தல் பொருந்தாது.

இவ்விடத்து அறிவின் உற்பத்திமுறை பற்றிய வினாவும் எழுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஐரோப்பிய நூதனசாலைகளை நிரப்பிய மண்டையோடுகளுட் பெரும்பகுதி குடியேற்றநாட்டு அதிகாரிகளும் செல்வந்த வேட்டைக்காரரும் அனுப்பியவை. வெற்றிச் சின்னம் தேடியோர் மிகப் பெரிய ஆண் விலங்கையே விரும்பிச் சுட்டனர். இவ்வாறு திரண்ட சில மாதிரிகளை வைத்துப் பிரதேசத்துக்கொரு துணையினம் எனப் பெயர்கள் பெருகின. 2017இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனையின வல்லுநர் குழு, மரபணு ஆய்வுகளையும் கருத்திற்கொண்டு, இப்பெயர்களை இரண்டாகச் சுருக்கியது. வட, மேற்கு, மத்திய ஆபிரிக்கச் சிங்கங்களும் ஆசியச் சிங்கமும் ஒரு பிரிவு. கிழக்கு, தென் ஆபிரிக்கச் சிங்கங்கள் மற்றொரு பிரிவு. கிர் சிங்கமும் செனகல் சிங்கமும் ஒரே பெயருக்குரியனவாயின.

இப்பின்னணியில் நமது நாட்டுச் சிங்கத்தை நோக்குதல் வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டையில் 1936இற் கிடைத்த இரு பற்களை ஆதாரமாகக் கொண்டு, போல் டெரணியகல 1939இல் இலங்கைச் சிங்கம் என ஒரு துணையினத்தை நிறுவினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘சிங்ஹலேயுஸ்’. கீழ்த்தாடையின் ஊன்வெட்டும் பல் பிரித்தானிய நூதனசாலையிலுள்ள அண்மைக்காலச் சிங்கங்களின் பல்லினும் ஒடுங்கியும் நீண்டும் இருப்பதே துணையினமாகப் பிரிப்பதற்கு அவர் காட்டிய நியாயம். கெலும் மனமேந்திர ஆரச்சியும் பிறரும் 2005இல் வெளியிட்ட கட்டுரையில், அப்பல் சிங்கத்தினுடையதே என்பதை அவர் எவ்வாறு துணிந்தார் என்பது விளக்கப்படவில்லை எனச் சுட்டிக்காட்டினர். இலங்கையின் தொல்லுயிராய்வுக்கு அடித்தளமிட்டவர் டெரணியகல. அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயின் இரு பற்களிலிருந்து உடலளவையோ மண்டையோட்டின் வடிவையோ பெறல் அரிது. பெயர் மட்டும் நிறைவாக நின்றது. அப்பெயரோ வரலாற்றுக் காலத்து மக்கட்பெயரொன்றைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த விலங்கின்மீது ஏற்றியது.

இதற்கு மறுதலையான உண்மையும் அதே மண்ணில் உள்ளது. 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதன்மைப் பொருள் புலியாகும். இரத்தினபுரிக்கு அண்மையில் 1962இற் கிடைத்த பல்லொன்றும், குருவிட்டையை அடுத்த பட்டதொம்பலென குகையில் 1982இற் கிடைத்த விரலெலும்பொன்றும் புலிக்குரியன என அதில் இனங்காணப்பட்டன. விரலெலும்பு ஏறத்தாழ 16,500 ஆண்டுப் பழைமையுடையது. இச்செய்தியைக் கண்டு மகிழும் தமிழர் சிலர் இருக்கலாம். அவர்களும் அதே தவறான நெறியிலேயே செல்கின்றனர். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் நிலத்தொடர்பு வழியே வந்து, சூழல் மாறியபோது அழிந்த விலங்குகள் எந்த மொழியினதும் மூதாதையரல்ல.

மண்டையோட்டு அளவை மனிதர்மீது பிரயோகிக்கப்பட்ட வரலாற்றிலும் நமது நாட்டுக்கு இடமுண்டு. விர்ச்சோ 1881இலும், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவினரான சராசின் இருவர் அதனைத் தொடர்ந்தும் வேடரின் மண்டையோடுகளை ஆராய்ந்து நூல்கள் எழுதினர். மனிதரை ஆரியர், திராவிடர் என உடலளவால் வகுக்க முனைந்த காலம் அது. பிரான்ஸ் போவாஸ் 1911ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் குடியேறியோரின் பிள்ளைகளை அளந்து, தலைவடிவும் சூழலால் மாறும் எனக் காட்டினார். அம்மாற்றத்தின் அளவு பற்றி 2002, 2003ஆம் ஆண்டுகளில் விவாதம் எழுந்தது உண்மையே. எனினும் தலைவடிவு என்றும் மாறாதது என்ற பழைய நம்பிக்கை மீளவில்லை. மனிதர் விடயத்தில் மேலும் ஒன்று உண்டு. சிங்கம் தன் சூழலுக்கு அடங்கியது. மனிதரோ உழைப்பினாற் சூழலையே மாற்றுபவர். விலங்கியல் விதியை நேரே சமூகத்துக்குப் பொருத்துவது, அது முற்போக்கின் பெயரால் நடைபெறினும், பிழையாகும். பேராசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் எழுதிய ‘சிங்கத்தின் மக்கள்’ பற்றிய ஆங்கிலக் கட்டுரை இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. சிங்கள அடையாளம் முதலில் அரச குலத்தையும் ஆளும் வட்டத்தையும் குறித்துப் பின்னர் படிப்படியாக விரிந்தது என்பது அவர் வாதம். கே. என். ஓ. தர்மதாச அதனை மறுத்து எழுதினார். விவாதம் எவ்வாறாயினும், இனப்பெயர் வரலாற்றால் ஆராயப்படவேண்டிய பொருள் என்பது நிலைநாட்டப்பட்டது.

பெயரும் பெருமையும் விலங்குக்கே தீங்காக முடிதலும் உண்டு. கிர் சிங்கங்களின் தொகை 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 891 ஆகும். கொள்ளைநோய் ஒன்றினால் அனைத்தும் அழியாதிருக்கும்பொருட்டு ஒரு பகுதியை மத்தியப் பிரதேசத்துக் கூனோவுக்குக் கொண்டுசெல்லுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. சிங்கத்தைத் தன் மாநிலப் பெருமையாகக் கொண்ட குஜராத் அதற்கு இணங்கவில்லை. 2018இல் நோய் பரவி இருபதுக்கு மேற்பட்டவை மடிந்தன. 2022இற் கூனோவுக்கு வந்தவை நமீபியாவின் சிவிங்கிப்புலிகளே.

பிரதேச வேறுபாடுகள் உண்மையானவை. அவற்றை அளத்தலும் பயனுள்ளதே. ஆனால் அளவு எத்தனை மாதிரிகளிலிருந்து பெறப்பட்டது, அவற்றைத் திரட்டியோர் யாவர், அவ்விலங்குகள் எந்நிலையில் வாழ்ந்தன என்னும் வினாக்கள் தொக்கி நிற்கையில் அதனை மாறா இயல்பாகப் பெயரிடுதல் விஞ்ஞானமாகாது. 1983 ஆடியில் இந்நகரத்துத் தெருக்களில் மனிதர் எந்தப் பெயர்களின் அடிப்படையில் இனங்காணப்பட்டு எரிக்கப்பட்டனர் என்பதை அறிந்த நமக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. இரு பற்களை இரு பற்களாகவே காணும் பயிற்சியை நமது பாடநூல்களும் நூதனசாலை விளக்கப் பலகைகளும் மூன்று மொழிகளிலும் மாணவர்க்கு அளித்தல் வேண்டும்.