குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி

1990 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெயும் அரிதாகிய அந்நாட்களில், ஜாம் போத்தலின் அடியிற் சிறிது எண்ணெயும் பஞ்சும் திரியும் இட்டு, அச்சுடரிலேயே மாணவர் பலர் பரீட்சைக்குப் படித்தனர். குறைந்த எண்ணெயிற் கூடிய நேரம் ஒளி பெறுதலே அறிவுடைமை என்பதை அச்சிறு விளக்கு உணர்த்திற்று. மின்சாரம் மீண்டபின் அப்பாடத்தை நாம் மறத்தலாகாது.

பழைய இழை மின்குமிழை நோக்குவோம். அதனுள் இருக்கும் தங்குதன் இழை ஏறக்குறைய 2,500 பாகை செல்சியசுக்குச் சூடேறியே ஒளிர்கின்றது. அது கொள்ளும் சக்தியில் நூற்றுக்கு 5 பங்களவே ஒளியாகும். எஞ்சியது வெப்பமாய்க் கழியும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இவ்வெப்பத்தையும் விலைகொடுத்து வாங்குதல் விந்தையன்றோ!

எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயியின் இயல்பு வேறு. குறைகடத்தியினூடே மின்னோட்டம் பாயும்போது இலத்திரன்கள் இழக்கும் சக்தி நேரே ஒளியாகின்றது. சிவப்பு ஒளி முன்னரே கிடைத்தது. வெண்ணொளிக்கு இன்றியமையாத பிரகாசமான நீல ஒளி 1990களிலேதான் கைகூடிற்று. அதற்காக அக்கசாக்கி, அமானோ, நாக்கமுரா என்னும் மூவர் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர்.

60 உவாற்று இழைக்குமிழின் ஒளியை 9 உவாற்று எல்.ஈ.டி. விளக்குத் தருகின்றது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியும் நான்கு விளக்குகளைக் கொண்ட இல்லமொன்றைக் கருதுக. இழைக்குமிழ்கள் 30 நாளில் 36 அலகு மின்சாரம் கொள்ளும், எல்.ஈ.டி. விளக்குகளோ 5.4 அலகே கொள்ளும். நுகர்வு கூடுந்தோறும் அலகின் விலையும் படிப்படியாய் உயர்வதால், மிச்சமாகும் 30 அலகும் விலை கூடிய மேற்படியிலிருந்தே கழிகின்றன. மேலும், இழைக்குமிழ் 1,000 மணி நேரமளவே உழைக்கும்; நல்ல எல்.ஈ.டி. 15,000 மணி நேரமும் உழைக்கும்.

இப்பயன் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடெங்கும் ஒருங்கே விளக்கேற்றுகின்றது. அவ்வுச்சத் தேவையை நிறைவேற்ற எண்ணெயால் இயங்கும் மின்னிலையங்களையும் இயக்க நேரிடுகின்றது. அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் கிட்டாமையால், 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமின்றி இருந்ததை யாவரும் அறிவர்.

விளக்கு வாங்கும்போது உறையிற் குறித்துள்ள இலுமென் அளவை நோக்குக. 60 உவாற்றுக் குமிழுக்கு நிகரானது ஏறக்குறைய 800 இலுமென். ஒளி துடிக்கும் மலிவான விளக்கு மாணவரின் மேசைக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற இயலாதோர், இல்லத்தில் நெடுநேரம் எரியும் குமிழை முதலில் மாற்றுக. அன்று ஒரு துளி எண்ணெயையும் வீணாக்காத கைகள், இன்று ஓரலகு மின்சாரத்தையும் வீணாக்காதிருத்தல் தகும்.