எந்தப் பாட்டை வைப்பது? கச்சேரி மேடை, வெள்ளித்திரை, நோயாளியின் செவி

நோயாளியின் படுக்கையருகே இரவும் பகலும் அமர்ந்திருப்போர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் மருந்தையும் உணவையும் பற்றியவை அல்ல. "இவருக்குக் கொஞ்சம் பாட்டு வைக்கலாமா?" என்றும் பலர் கேட்கின்றனர். வைக்கலாம் என்பதே பெரும்பாலும் எங்கள் விடை. ஆனால் எந்தப் பாட்டை வைப்பது என்று வரும்போது வீட்டாரிடையே கருத்து வேறுபாடு தோன்றிவிடுகிறது. பெரியவருக்குக் கர்நாடக இசைதான் பிடிக்கும் என்று ஒருவர் சொல்வார். அவர் முணுமுணுப்பது திரைப்பாட்டைத்தானே என்று மற்றொருவர் சொல்வார். ஆராய்ந்து பார்த்தால், இருவர் குறிப்பிடுவதும் ஒரே பாடலின் இரு வடிவங்களாக இருப்பதும் உண்டு.

கருங்குழியிலும் மதுராந்தகம் வட்டத்துச் சிற்றூர்களிலும் வாழும் நம்மில் பெரும்பாலோருக்குச் சபா இருக்கைகள் வழியாகச் செவ்வியல் இசை வந்து சேரவில்லை. கோயில் திருவிழாவின் நாதஸ்வரம், திருமண வீட்டு ஒலிபெருக்கி, வானொலி, திரையரங்கு ஆகியவற்றின் வழியாகவே அது நம் செவிக்கு வந்தது. ஆகவே திரைப்படம் செவ்வியல் பாடல்களை எவ்வாறு மாற்றியமைத்தது என்பதை அறிந்துகொள்வது, நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் எந்த வடிவம் தங்கியிருக்கிறது என்பதை அறியவும் உதவும்.

ஒரு பாடல், இரு வடிவங்கள்

1985-ஆம் ஆண்டு கே. பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த 'சிந்து பைரவி'யை எடுத்துக்கொள்வோம். தியாகராசர் இயற்றிய 'மரி மரி நின்னே' என்னும் கீர்த்தனை கச்சேரி மேடைகளில் காம்போதி ராகத்தில் பாடப்பட்டு வருவது. இளையராஜா அதனைச் சாரமதி ராகத்துக்கு மாற்றினார். அதே ராகத்தில் நாட்டுப்புறச் சாயலுடன் 'பாடறியேன் படிப்பறியேன்' என்ற தமிழ்ப் பாடலை அமைத்து, அதன் முடிவில் கீர்த்தனை தானாக வந்து கலக்குமாறு செய்தார். கற்றவர் பாட்டும் கல்லாதவர் பாட்டும் ஒரே ராகத்தின் கரைக்குள் ஓடுகின்றன என்பதைக் கதையே எடுத்துரைத்தது. அப்பாடலுக்காகக் கே. எஸ். சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இளையராஜாவும் அப்படத்தின் இசைக்காகத் தேசிய விருது பெற்றார். தியாகராசரின் கீர்த்தனைக்கு ராகத்தை மாற்றலாமா என்று வினவியோரும் உண்டு. அப்படத்தின் வழியாகவே அக்கீர்த்தனையின் பெயரை முதன்முதலாக அறிந்தோரும் உண்டு.

மூன்றாண்டுகள் கழித்து, 1988-இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' வேறொரு வழியைக் கையாண்டது. 'நின்னுக்கோரி' என்பது இராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார் மோகன ராகத்தில் இயற்றிய வர்ணம். இசை பயிலத் தொடங்கும் மாணவர் பலர் கற்கும் பாடம் அது. இளையராஜா அதன் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, ராகத்தை மாற்றாமல், விரைந்த தாளத்தையும் மின்னணுக் கருவிகளையும் சேர்த்து, வாலியின் தமிழ் வரிகளோடு இணைத்தார். பயிற்சிப் பாடம் இளைஞர் விரும்பிக் கேட்கும் பாட்டாயிற்று.

2000-ஆம் ஆண்டில் வந்த 'அலைபாயுதே' தன் பெயரையே ஊத்துக்காடு வேங்கட சுப்பையரின் கீர்த்தனையிலிருந்து பெற்றது. அக்கீர்த்தனை மேடையில் கானடா ராகத்தில் பாடப்படுகிறது. ஏ. ஆர். ரகுமானும் அந்த ராகத்தைக் கைவிடவில்லை. கல்யாணி மேனன், ஹரிணி, நெய்வேலி இராமலட்சுமி ஆகியோரின் குரல்களில், நீண்ட விரிவுகளைத் தவிர்த்துச் சில நிமிடங்களுக்குள் அதனை அடக்கினார்.

திரைப்படம் எதை மாற்றுகிறது?

இம்மூன்று எடுத்துக்காட்டுகளையும் ஒருசேர நோக்கினால் மாற்றத்தின் வகைகள் விளங்கும். முதலாவது காலஅளவு. கச்சேரியில் ஒரு கீர்த்தனை ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று விரிந்து அரைமணி நேரத்தையும் கடக்கலாம். திரையில் அதற்கு நான்கைந்து நிமிடங்களே கிடைக்கும். பாடகர் அந்தக் கணத்தில் எண்ணிப் பாடும் மனோதர்மத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது கருவிகள். வயலினும் மிருதங்கமும் நின்ற இடத்தில் பல வயலின்களும் கிதாரும் மின்னணு ஒலிகளும் வந்து சேர்கின்றன.

மூன்றாவதும் முதன்மையானதும் கதைச்சூழல். மேடையில் ஒரு கீர்த்தனையின் பொருளைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்கிறார். திரையில் அப்பொருளைப் பாத்திரத்தின் முகம் நமக்குச் சொல்லிவிடுகிறது. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக டி. எஸ். பாலையா தோன்ற, எம். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் 'ஒரு நாள் போதுமா' ஒலித்தது. பல ராகங்களை மாலையாகத் தொடுத்த அப்பாடல், படத்தில் ஒரு வித்துவானின் செருக்கையே காட்டுகிறது. ராகமாலிகை என்னும் சொல்லை அறியாதவர்க்கும் அச்செருக்கு விளங்கிற்று.

1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்கு நன்கு பழகிய நாதஸ்வரத்தைத் திரைக்குக் கொண்டுசென்றது. சிவாஜி கணேசன் வாசிப்பதாகக் காட்டப்பட்டதை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்களான எம். பி. என். சேதுராமனும் எம். பி. என். பொன்னுசாமியும் ஆவர். அப்படத்தில் அவர்கள் வாசித்த 'நகுமோமு' தியாகராசரின் கீர்த்தனை. அதன் சொற்களை அறியாத பலரும் அந்த மெட்டை அறிவர்.

மேடையும் மாறியே வந்தது

திரைப்படம்தான் பழைய பாடல்களை மாற்றிவிட்டது என்று சிலர் வருந்துவதுண்டு. அவ்வருத்தத்தில் ஒரு பகுதி நியாயமானதே. மனோதர்மம் இழக்கப்படுவது சிறிய இழப்பு அன்று. ஆயினும் மேடையிலும் பாடல்கள் மாறாமல் இருந்ததில்லை. மேற்கூறிய 'நகுமோமு'வே அதற்குச் சான்று. இன்று நாம் ஆபேரி என்று கேட்பது, பழைய மரபில் ஆபேரி என வழங்கிய ராகத்திலிருந்து தைவத ஸ்வரத்தில் வேறுபட்டது. புதிய வடிவம் நாடெங்கும் பரவியதற்கு முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டு ஒரு பெருங்காரணம். ஆண்டாள் பாடிய திருப்பாவைக்கு இன்று மேடைகளில் ஒலிக்கும் மெட்டுகளை அமைத்தவர் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்.

திரையிலிருந்து மேடைக்குப் போன பாடலும் உண்டு. 'சின்னஞ்சிறு கிளியே' என்னும் பாட்டுக்குப் பாரதியார் பைரவி ராகத்தைக் குறித்து, ஸ்வரங்களையும் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1951-இல் 'மணமகள்' படத்துக்காகச் சி. ஆர். சுப்பராமன் அதனை ராகமாலிகையாக அமைத்தார். எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினர். இன்று கச்சேரியின் பிற்பகுதியில் அப்பாட்டைக் கேட்கும்போது நாம் கேட்பது பெரும்பாலும் அந்தத் திரைமெட்டையே. எது அசல், எது நகல் என்று இங்கே எளிதில் சொல்லிவிட இயலாது.

பிற நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனியின் தொடக்கத்தைச் சலில் சௌதுரி 1961-இல் 'சாயா' என்ற இந்திப் படத்தின் காதல் பாட்டாக்கினார். 1940-இல் வால்ட் டிஸ்னி வெளியிட்ட 'ஃபேன்டேசியா', பீத்தோவன் நாட்டுப்புற இயற்கையை நினைந்து எழுதிய ஆறாம் சிம்பொனிக்குக் கிரேக்கப் புராணக் காட்சிகளைப் பொருத்தியது. அதனைச் சிறுவயதில் பார்த்தோர்க்கு அந்த இசை கேட்கும்போதெல்லாம் சிறகு முளைத்த குதிரைகள் மனத்தில் தோன்றக்கூடும்.

நோயாளிக்கு எது அசல்?

இங்கேதான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. இசை அறிஞர்க்கு அசல் என்பது இயற்றியவர் தந்த வடிவம். நோயுற்றவர்க்கோ அவர் நெஞ்சில் முதலில் பதிந்த வடிவமே அசல். ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரை கேட்ட இசை முதுமையிலும் மிகத் தெளிவாக நினைவில் நிற்பதாக நினைவாற்றலை ஆராய்வோர் கண்டுள்ளனர். 1950-இல் பிறந்தவர்க்குத் 'திருவிளையாடல்' வந்தபோது வயது 15. 1970-இல் பிறந்தவர்க்குச் 'சிந்து பைரவி' வந்தபோது அதே வயது. முன்னவரின் மகள் தந்தைக்காக மேடைக் கச்சேரி ஒன்றைத் தேடி வைத்திருக்க, அவர் எதிர்பார்ப்பதோ திரையரங்கில் கேட்ட குரலாக இருக்கலாம். இதற்கு மாறாகவும் நிகழும். கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்க்கு நான்கு நிமிடத் திரைப்பாட்டு அரைகுறையாகவே தோன்றும்.

பேச இயலும் நிலையில் இருப்பவர் தம் விருப்பத்தைத் தாமே சொல்வார். பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டதாலோ பேச இயலாதவர் சொல்லமாட்டார். அவருக்காக வீட்டார் ஊகிக்க வேண்டிய நிலை வருகிறது. தவறாக ஊகித்தால், கைநீட்டி நிறுத்தவும் அவரால் இயலாமல் போகலாம்.

மருத்துவம் கூறுவது

இசை நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் கூறமாட்டோம். இன்ன ராகம் இன்ன நோயைப் போக்கும் என்று பரவும் செய்திகளுக்குத் தக்க சான்று இல்லை. அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. ஆயினும் அறுவைச் சிகிச்சைக்கு முன் எழும் பதற்றத்தை இசை ஓரளவு தணிக்கிறது என்பதற்குப் பல ஆய்வுகள் சான்று தருகின்றன. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர் ஒரு சொல்லும் பேச முடியாத நிலையிலும் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடுவதுண்டு. இதனை அடிப்படையாகக் கொண்டு, சொற்றொடர்களை மெட்டுப்போல் இசைத்துப் பழக்கும் பயிற்சி முறை 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவாயிற்று. அது எல்லோர்க்கும் பொருந்தாது. பொருந்துமா என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரே சொல்ல வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவை

நோயாளி பேசக்கூடிய நாளிலேயே ஐந்து பாடல்களின் பட்டியலைக் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டின் பெயரோடு நிறுத்திவிடாமல், பாடியவர் யார், மேடையா திரைப்படமா, முதலில் எங்கே கேட்டார் என்பதையும் கேளுங்கள். அந்த உரையாடலே ஒரு மாலைப்பொழுதை நிறைக்கும். கேட்கவே விரும்பாத பாட்டு எது என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாதஸ்வர மெட்டு ஒருவர்க்குத் தம் திருமணத்தை நினைவூட்டும். அதே மெட்டு மற்றொருவர்க்கு இழந்துபோன துணையை நினைவூட்டும்.

பாட்டை வைத்த பின் கைப்பேசியைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். விரல் தாளமிட்டால், மூச்சு சீரானால், கண் நிலைத்தால் தொடரலாம். புருவம் சுருங்கினாலோ தலை திரும்பினாலோ நிறுத்திவிடுங்கள். கண்ணீர் வந்தால் உடனே அஞ்ச வேண்டாம். கையைப் பற்றிக்கொண்டு, தொடரலாமா என்று கேளுங்கள். நாள்முழுதும் ஒலிக்கவிடுவதும் வேண்டாம். 20 அல்லது 30 நிமிடம் போதும். அமைதியும் நோயாளிக்குத் தேவை.

பொது வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருப்பவரை எண்ணி இயர்போன் பயன்படுத்துங்கள். ஒருவர் காதில் வைத்ததை மற்றொருவர் பயன்படுத்த வேண்டாம். ஒலியளவைத் தாழ்வாகவே வையுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் 80 டெசிபல் ஒலியைக் கேட்பது செவிக்குத் தீங்கு என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. செவிப்புலன் குன்றிய முதியவர்க்கு ஒலியைக் கூட்டுவதைவிட, கருவிகள் குறைந்து குரல் தெளிவாக ஒலிக்கும் பதிவைத் தேர்ந்தெடுப்பதே நன்று. மருத்துவரும் செவிலியரும் வரும்போது பாட்டை நிறுத்துங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் அனுமதி பெற்ற பின்னரே வையுங்கள்.

இறுதியாக, உங்கள் பாட்டையும் அவர்க்குக் கொடுங்கள். அவர் மேடைக் கானடாவைச் சொன்னால், அதனைக் கேட்ட பின் நீங்கள் அறிந்த 'அலைபாயுதே'வை வையுங்கள். அவர் திரையில் கேட்ட 'நகுமோமு'வைச் சொன்னால், அதே கீர்த்தனையை மேடையில் பாடிய பதிவொன்றைத் தேடி இருவரும் சேர்ந்து கேளுங்கள். எது சிறந்தது என்று முடிவு காண வேண்டியதில்லை. நோயைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த இருவர் சற்று நேரம் வேறொன்றைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நோயாளியைப் பேணுவோர்க்கும் அந்த நேரம் ஓய்வுதான்.

எழுதிய பட்டியலின் படியொன்றை வார்டுச் செவிலியரிடம் கொடுத்து வையுங்கள். நீங்கள் உணவருந்தவோ உறங்கவோ சென்றிருக்கும் வேளையில் நோயாளி அமைதியிழந்தால், எந்தப் பாட்டை, யார் குரலில் வைப்பது என்று எங்களுக்கும் தெரிந்திருக்கும்.