தொலைவிலுள்ள கோப்பு

கணினித் திரையில் ஒரு கோப்புறையைத் திறந்தவுடன் அதனுள் இருக்கும் கோப்புகள் வரிசையாகத் தோன்றுகின்றன. அவை மேசைமீதுள்ள கணினியிலேயே இருக்கின்றனவா, வேறோர் ஊரிலுள்ள சேவையகத்தில் இருக்கின்றனவா என்பதைப் பணிக்குறிகளைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. இந்த வசதியே சில வேளைகளில் இழப்புக்கும் வழிவகுக்கிறது.

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதற்கான எஃப்டிபி நெறிமுறையை 1971ஆம் ஆண்டில் வகுத்தவர் அபய் பூஷண். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இவர், அப்போது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தார். அந்நாளில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கோப்பை முழுமையாக வரவழைத்து, திருத்தி, மீண்டும் அனுப்ப வேண்டும். தொல்லைதான், எனினும் கோப்பு தொலைவில் இருக்கிறது என்பதைப் பயனர் ஒருபோதும் மறந்ததில்லை.

எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமலேயே பயணம் செய்தது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை எளிதில் படித்துவிடலாம். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த ஆய்வாளர் தத்து யூலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். அதன் வழியே இயங்கும் எஸ்எஃப்டிபி, கடவுச்சொல்லையும் கோப்பையும் மறைகுறியாக்கி அனுப்புகிறது.

உபுண்டுவின் கோப்பு மேலாளரில் நெறிமுறையின் பெயரையும் சேவையகத்தின் முகவரியையும் இட்டால் இணைப்பு ஏற்படும். முதன்முறை இணையும்போது சேவையகத்தின் அடையாளத்தை ஏற்கலாமா என்று ஒரு வினா எழும். பலரும் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்துகின்றனர். போலிச் சேவையகத்தை இனங்காண உதவும் வினா அதுவே.

இணைந்தபின் எல்லாம் உள்ளூர்க் கோப்பு போலவே தோன்றும். ஆயினும் தொலைவு தன்னைக் காட்டாமல் இருப்பதில்லை. ஆயிரம் சிறு கோப்புகளை நகலெடுக்க, அதே அளவுள்ள ஒரே பெரிய கோப்புக்கு ஆவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே கேள்வியும் மறுமொழியும் சென்று வர வேண்டியிருப்பதே காரணம். சிறு கோப்புகளை ஒரே கோப்பாகச் சுருக்கி அனுப்புவது நன்று.

அழிப்பதில்தான் பெரிய ஆபத்து உள்ளது. தன் கணினியில் அழித்த கோப்பு பொதுவாக மறுசுழற்சித் தொட்டியில் காத்திருக்கும். சேவையகத்தில் அழித்த கோப்போ பெரும்பாலும் அங்குச் செல்வதில்லை, நிரந்தரமாக நீங்கிவிடுகிறது. சேமிக்கும் நொடியில் இணைப்பு அறுந்தாலும் பாதி எழுதப்பட்ட கோப்பு எஞ்சக்கூடும். ஒரே கட்டுரையை இரு மாணவர் ஒரே நேரத்தில் எளிய உரைத்திருத்தியில் திறந்து திருத்தினால், பின்னர்ச் சேமித்தவரின் வடிவம் முன்னவரின் உழைப்பை அழித்துவிடலாம். ஆகவே கோப்பைத் தன் கணினிக்கு நகலெடுத்துத் திருத்தி, புதிய பெயரில் சேவையகத்தில் ஏற்றி, திறந்து சரிபார்த்த பின்னரே பழையதை நீக்குதல் வேண்டும்.

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இன்னொன்றும் உண்டு. கடவுச்சொல்லை உடனே மறக்கவா, வெளியேறும்வரை நினைவில் வைக்கவா, என்றும் வைக்கவா என்று கோப்பு மேலாளர் கேட்கும். பலர் பயன்படுத்தும் கணினியில் முதலாவதைத் தேர்ந்து, பணி முடிந்ததும் பக்கப்பட்டியில் சேவையகத்தின் பெயருக்கு அருகிலுள்ள குறியை அழுத்தி இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.