டெஸ்ட் கிட்டை வீட்டுக்கே அனுப்பினார்கள்... பெருங்குடல் புற்றுநோய் மரணம் பாதியானது! எப்படி?

‘மலத்தை எடுத்து டெஸ்ட்டுக்குக் கொடுக்கணுமா... ச்சீ!’ பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை என்றதும் பலரும் இப்படித்தான் முகம் சுளிப்பார்கள். இந்தக் கூச்சம்தான் ஆபத்து.

நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?

பெரும்பாலும் இந்த நோய், குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ என்ற சின்ன கட்டியாகத் தொடங்குகிறது. அது புற்றுநோயாக மாற பொதுவாக 10 ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் அகற்றிவிட்டால் புற்றுநோயையே தடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்தச் சமயத்தில் வலியோ தொந்தரவோ பெரும்பாலும் இருக்காது.

தயக்கத்தை உடைத்தது எது?

அமெரிக்க டிவி தொகுப்பாளர் கேட்டி கூரிக்கின் கணவர், 1998-ல் 42 வயதில் இந்த நோயால் இறந்தார். 2000-ல் கூரிக், தனக்குச் செய்யப்பட்ட கொலோனோஸ்கோபியை டிவியிலேயே காட்டினார். அதன்பின் அங்கு இந்தப் பரிசோதனை 20 சதவிகிதத்துக்கும் மேல் அதிகரித்தது.

வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பு இன்னொரு வழியைப் பிடித்தது. ‘ஃபிட்’ என்ற மலப் பரிசோதனை கிட்டைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பியது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் இது காட்டிக்கொடுக்கும், பத்தியம் தேவையில்லை. ரத்தம் இருந்தால் மட்டும் அடுத்து கொலோனோஸ்கோபி. 2000-ல் சுமார் 39 சதவிகிதம் பேர்தான் பரிசோதனை வளையத்துக்குள் இருந்தார்கள். 2015-ல் அது 83 சதவிகிதத்தை நெருங்கியது. இந்த நோயால் ஏற்படும் மரண விகிதம் பாதிக்கும் மேல் குறைந்தது.

நம்ம ஊரில்?

இந்தியாவின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் ஸ்க்ரீனிங் உண்டு. கிட் வீடு தேடி வராது. நாம்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

யார் கேட்க வேண்டும்?

அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் தெரியவந்த வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பே, இதில் எது முதலில் வருகிறதோ அப்போதே தொடங்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, மலம் கழிக்கும் பழக்கத்தில் தொடர் மாற்றம்... இவை இருந்தால் வயதைப் பார்க்க வேண்டாம். ‘மூலமாத்தான் இருக்கும்’ என நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரைப் பாருங்கள்.

அப்பா, அம்மாவுக்கு 45 வயதைத் தாண்டிவிட்டதா? அவர்களாக இதைச் சொல்ல மாட்டார்கள். இன்று நீங்களே பேச்சை எடுங்கள்.