இலவச மென்பொருளுக்கும் நிபந்தனை உண்டு

மென்பொருள் செய்து விற்கும் தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, இன்டர்நெட்டில் சும்மா கிடைப்பதை எடுத்து நம்ம சாமானில் சேர்த்தா யார் கேட்கப் போறாங்க?"

கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். சும்மா கிடைப்பது உண்மைதான், ஆனால் அது அனுமதிப்பத்திரத்தோடு கிடைக்கிறது. லினக்ஸின் கரு வெளியிடப்படுவது ஜி.பி.எல். என்ற அனுமதிப்பத்திரத்தின் இரண்டாம் பதிப்பில் (1991). பாவிக்கலாம், மாற்றலாம், காசுக்கும் விற்கலாம். ஆனால் விற்றால், அதன் மூலநிரலையும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். கம்பனிகளின் கொள்கையோ நேரெதிரானது. ஊழியர் எழுதுவதெல்லாம் கம்பனியின் சொத்து, ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது என்பார்கள். கம்பனிக் கொள்கை கட்டுப்படுத்துவது அதன் ஊழியர்களை மட்டுமே. வேறொருவருக்குப் பதிப்புரிமை உள்ள நிரலுக்கு அது செல்லாது.

லின்க்சிஸ் ரவுட்டர் விவகாரத்தைப் பாருங்கள். 2003இல் சிஸ்கோ சுமார் 500 மில்லியன் டொலர் பெறுமதியில் லின்க்சிஸை வாங்கியது. அதே ஆண்டில், அதன் பிரபலமான நீலநிற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதும், மூலநிரல் கொடுக்கப்படாததும் தெரியவந்தது. அந்த மென்பொருளை லின்க்சிஸ் தானாக எழுதவில்லை. சிப் கொடுத்தது புரோட்கொம், அதற்கான மென்பொருள் வேலையைச் செய்தது தாய்வானில் ஒரு நிறுவனம். எங்கோ ஒரு படியில் எவரோ எடுத்த முடிவு, பெட்டியில் பெயர் அச்சிட்டவரின் தலையில் விழுந்தது. நெருக்குதலின் பின் நிரல் வெளியானது. அதிலிருந்து 2004இல் 'ஓபன்டபிள்யூஆர்டி' என்ற திட்டம் பிறந்தது. (விஷயம் தெரிந்தவர்கள் அந்த ரவுட்டரையே தேடி வாங்கியதால் கம்பனிக்கும் வியாபாரம்தான்!)

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஏனைய பொருட்களிலும் நிபந்தனை மீறப்படுவதாகக் கூறி, சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் நியூயோர்க்கில் சிஸ்கோ மீது வழக்குத் தொடர்ந்தது. 2009 மே மாதம் இணக்கம் காணப்பட்டது. நிபந்தனைகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்கவும், அறக்கட்டளைக்குப் பணம் வழங்கவும் சிஸ்கோ சம்மதித்தது.

உங்கள் கடைக்குள் மட்டும் பாவிக்கும் மென்பொருளுக்கு ஜி.பி.எல். இவ்வளவு கெடுபிடி செய்வதில்லை. பிறர் கைக்குப் போகும்போதுதான் சிக்கல். 2007இல் வந்த ஏ.ஜி.பி.எல். இன்னும் கடுமையானது. மாற்றியமைத்த மென்பொருளை இணையச் சேவையாக நடத்தினாலே, பாவிப்பவர்களுக்கு நிரலைக் கொடுக்கச் சொல்கிறது. அதனால்தான் கூகுள் தன் ஊழியர்களுக்கு அதை முற்றாகத் தடைசெய்துள்ளது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்றவை இலகுவானவை. பதிப்புரிமை அறிவித்தலையும் அனுமதிப்பத்திர வாசகத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும்.

"அதெல்லாம் அமெரிக்காவில்" என்று அந்தத் தம்பி இழுத்தார். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே வெளியாருக்கு வேலை கொடுக்கும்போது, எந்தெந்த இலவச நிரல்கள் சேர்க்கப்பட்டன, ஒவ்வொன்றும் எந்த அனுமதிப்பத்திரத்தில் உள்ளது என்ற பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.